பெங்களூரின் குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை: பொதுச்சேவைச் சீர்திருத்தத்தில் மக்கள் அனுபவமும் தொழில்நுட்பமும் (1993–2012)

முன்னுரை

அரசு நிறுவனங்களின் செயல்திறனை அவற்றின் செலவுக் கணக்கைக் கொண்டு அளப்பதே நெடுங்கால வழக்கம். சேவை பெறுவோரின் அனுபவமும் அளவுகோலாகலாம் என்பதைப் பெங்களூரின் குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை நிறுவியது. அதற்கும் கர்நாடகத்தின் பிற்காலத் தொழில்நுட்பச் சீர்திருத்தங்களுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதிப்பீட்டு அட்டை

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முன்னாள் இயக்குநரான சாமுவேல் பால் தலைமையில், 1993இல் ஏறத்தாழ 1,100 குடும்பங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. குடிநீர், மின்சாரம், தொலைபேசி முதலிய சேவைகளின் தரம், ஊழியர் நடத்தை, கையூட்டு ஆகியன வினாக்களில் இடம்பெற்றன. குடிசைப்பகுதி மக்களின் கருத்து தனியே திரட்டப்பட்டது. 1994இல் வெளியான முடிவுகள் நாளிதழ்கள் வழியே பரவின. அவ்வாண்டிலேயே பொது விவகார மையமும் தோன்றியது. 1999இல் நடந்த இரண்டாம் ஆய்வு சிறு முன்னேற்றத்தையே காட்டியது. 2003இல் நடந்த மூன்றாம் ஆய்வில் மனநிறைவு கணிசமாக உயர்ந்திருந்தது. இடையில், 1999இல் முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா அமைத்த பெங்களூர் செயல்திட்டப் பணிக்குழு நிறுவனங்களைப் பொதுமக்கள் முன் விளக்கமளிக்கச் செய்தது. எனவே இவ்வுயர்வை மதிப்பீட்டு அட்டைக்கு மட்டுமே உரியதாகக் கொள்ளவியலாது.

தொழில்நுட்பத்தின் பங்கு

பூமி திட்டம் ஏறத்தாழ 2 கோடி நில ஆவணங்களைக் கணினிமயமாக்கியது. கிராமக் கணக்கரின் கைவசம் இருந்த பதிவேட்டின் நகல், வட்ட அலுவலகத்தில் 15 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆயினும் பெயர் மாற்றத்திற்கு அலுவலரின் ஆணை தொடர்ந்து தேவைப்பட்டது. நகல் பெறுவதில் இடைநிலை அதிகாரம் குறைந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் அலுவலரிடமே நின்றது.

2010இல் ஜனாக்கிரகா அமைப்பு கையூட்டு அனுபவங்களை இணையத்தில் பதிவுசெய்யும் தளத்தைத் தொடங்கியது. தாமாக முன்வந்து எழுதுவோரின் பதிவுகள் ஊழல் நிகழும் இடங்களைச் சுட்டும். அதன் பரவலை அளக்கமாட்டா. இணைய வசதியற்ற ஏழையின் குரல் அங்கே விடுபடும். மாதிரிக்கூறு முறையில் வீடுதோறும் சென்ற மதிப்பீட்டு அட்டை அக்குரலையும் எண்ணிக்கையில் சேர்த்தது.

2012இல் நடைமுறைக்கு வந்த சகாலா திட்டம் சேவைகளுக்குக் காலவரம்பு விதித்தது. விண்ணப்ப எண்ணைக் கொண்டு நிலையை அறியும் வசதியோடு, தாமதத்திற்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமையும் கிடைத்தது.

முடிவுரை

மதிப்பீட்டு அட்டை குறையை வெளிப்படுத்தியது. தீர்க்கும் கடமையை எவர்மீதும் சட்டப்படி சுமத்தவில்லை. சகாலா அக்கடமையைச் சுமத்தியது. ஆயின் அதன் கணினி அளப்பது காலத்தையே, சேவையின் தரத்தை அன்று. உரிய நாளில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமும் கணக்கில் நிறைவேறியதாகவே அமையக்கூடும். ஆகவே மக்கள் அனுபவத்தை முறையாகத் திரட்டும் ஆய்வைக் கணினிப் பதிவால் ஈடுசெய்ய இயலாது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.