ஐயனாருக்குக் குதிரை எதுக்கு? மண் குதிரையிலிருந்து சிமெண்டுக் குதிரை வரைக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு, ஷிப்ட் முடிஞ்சு நிதானமா படிங்க.

திருப்பணி வேலை நெருங்குது. முனீஸ்வரர் சந்நிதிக்கு வெளியே நிக்கிற பழைய குதிரையை எடுத்துட்டு பைபர்ல புதுசா வைக்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது. இளைஞர்கள் சிலர், சாமிக்கு எதுக்குக் குதிரைன்னே கேக்குறாங்க. நல்ல கேள்விதான். தொண்டர்கள் நாங்க பெரியவங்ககிட்ட கேட்டதையும் படிச்சதையும் இங்க எழுதுறோம்.

தமிழ்நாட்டுல புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் புரவி எடுப்புன்னு ஒரு திருவிழா இருக்கு. ஐயனார் ஊர் எல்லையில இருக்கிற காவல் தெய்வம். ராத்திரியில குதிரை ஏறி ஊரைச் சுத்தி வருவார்னு நம்பிக்கை. அதனால வேண்டுதல் வெச்சவங்க அவருக்கு மண்ணால செஞ்ச குதிரை கொடுப்பாங்க. திருவிழா முடிவானதும் ஊர்ப் பெரியவங்க ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில கொடுக்கணும். இதுக்குப் பேரு பிடிமண். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை உருவாகும். வேளார்னா குயவர். பல ஐயனார் கோயில்கள்ல பூசாரியும் அவரேதான். செய்யுற கையே பூசையும் பண்ணுது பாருங்க!

குதிரையை ஒரே நாள்ல செஞ்சிட முடியாது. களிமண்ணுல மணலும் உமியும் கலந்து, கால், உடம்பு, கழுத்துன்னு பகுதி பகுதியா எழுப்பணும். உள்ளே கூடா இருக்கணும், இல்லேன்னா சூளையில வெடிச்சிடும். காய வெச்சு, சுட்டு, வர்ணம் பூசி, கடைசியில கண் திறப்பாங்க. அதுக்கு அப்புறம் அது பொம்மை இல்ல, சாமி குதிரை. மாலை போட்டு, ஆம்பளைங்க தோள்ல தூக்கி, மேளதாளத்தோட எல்லையில இருக்கிற கோயிலுக்குக் கொண்டு போவாங்க. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் புரவி எடுப்பு பேர் பெற்றது. புதுக்கோட்டை பக்கம் நமணசமுத்திரத்துல வருசக்கணக்கா கொடுத்த குதிரைங்க வரிசையா நிக்குது. குளமங்கலத்துல 30 அடிக்கு மேல உயரமான குதிரைச் சிலை இருக்கு, மாசி மகத்துக்கு அதுக்குக் காகித மாலையாவே சாத்துவாங்க.

தமிழ்நாட்டு மண்ணுல குதிரை பெருசா வளர்ந்தது இல்ல. கடல் கடந்து வந்த குதிரைகளைப் பத்திப் பட்டினப்பாலையிலேயே இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுப் பக்கமிருந்து வர்ற குதிரைங்க சரியான பராமரிப்பு இல்லாம செத்துப் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார். ராஜா மட்டும் வாங்கக்கூடிய வாகனம் அது. ஏர் பிடிக்கிறவன் எங்க போவான்? மண்ணுல செஞ்சு சாமிக்குக் கொடுத்தான். நாங்க அப்படித்தான் நினைக்கிறோம்.

இதே மாதிரி ஜப்பான்லயும் இருக்கு. ஒரு காலத்துல அங்க கோயிலுக்கு உயிர்க் குதிரையே காணிக்கை கொடுத்தாங்க. முடியாதவங்க மரப்பலகையில குதிரை வரைஞ்சு கொடுத்தாங்க. அந்தப் பலகைக்குப் பேரு எமா. இன்னிக்கும் வேண்டுதலை அதுல எழுதித் தொங்க விடுறாங்க. இவாத்தே மாநிலத்துல ஜூன் மாசம் 2ஆவது சனிக்கிழமை சாகு சாகு உமாக்கோன்னு ஒரு விழா. வயல்ல உழைச்ச குதிரைக்கு நன்றி சொல்ற நாள், நம்ம மாட்டுப் பொங்கல் மாதிரி. குதிரைக்கு மணியும் பட்டும் கட்டி, பிள்ளைங்களை ஏத்தி, ஒரு கோயில்ல இருந்து இன்னொரு கோயிலுக்கு 14 கிலோமீட்டர் போல நடக்குறாங்க. மணிச் சத்தம்தான் விழாவுக்கே பேரு.

இனி நம்ம ஊருக்கு வருவோம். செபராங் பிறையில 19ஆம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டம், அப்புறம் ரப்பர். வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க சாமியையும் கூடவே கொண்டு வந்தாங்க. ஆனா புரவி எடுப்புக்கு வேளார் வேணும், சூளை வேணும், பிடிமண் கொடுக்க ஊர் வேணும். லயத்து வீட்டுல இருந்தவங்களுக்குச் சொந்தமா ஒரு பிடி மண்ணு ஏது? அதனால முனீஸ்வரர், மதுரைவீரன் பக்கத்துல சிமெண்டுலயே ஒரு குதிரையை நிறுத்தினாங்க. தோள்ல தூக்குறது நின்னு போச்சு. குதிரை மட்டும் நிக்குது.

தோட்டம் போய் தாமான் வந்தப்போ பல கோயில் இடம் மாறிச்சு. சாமியைத் தூக்கினவங்க கனம் தாங்காம குதிரையை விட்டுட்டுப் போன இடமும் உண்டு. நம்ம குதிரைக்கு ஒரு காது உடைஞ்சிருக்கு, வர்ணம் போயிருக்கு, அவ்வளவுதான். ஒட்டுப் போட்டு, வர்ணம் அடிச்சு, முறையா கண் திறந்து அதே இடத்துல வைக்கணும்னு நாங்க கமிட்டியில எழுதிக் கொடுத்திருக்கோம். பைபர் குதிரைக்கு உபயம் தர்றவங்க மனசு நோக வேணாம், மண்டபத்துக்கு இன்னும் தகரம் வேண்டியிருக்கு.

உங்க பழைய தோட்டத்துக் கோயில்ல குதிரை இருந்துச்சா? மண்ணா, சிமெண்டா? யார் செஞ்சாங்க? அப்பா அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. பழைய படம் இருந்தா கீழே போடுங்க.