மீனில் தொடங்கிய மின்சார வைத்தியம்



போன வாரம் ஒரு தாய் என்னைப் பார்க்கப் பாடசாலைக்கு வந்தார். மகள் ஏ.எல். எழுதப் போகிறவள். சோதனை என்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இரவில் தூக்கமில்லை. "டொக்டரிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன். "வேணாம் சேர், தலைக்குக் கரண்ட் வைப்பாங்களாம்" என்றார்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோம வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலையில் வைக்கச் சொன்னார். அதிர்ச்சி தரும் இத்தகைய மீனுக்கு அறபியில் 'ரஆத்' என்று பெயர். அர்ரஃது அத்தியாயத்தின் பெயரிலுள்ள அதே வேர்ச்சொல்தான்.

1801இல் இத்தாலியின் பொலோனாவில் ஜியோவானி அல்தினி, கடும் மனச்சோர்வுற்ற 27 வயது விவசாயி ஒருவரின் தலையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். அதற்கு முன் தன் தலையிலேயே செய்து பார்த்து, பல நாள் தூக்கத்தை இழந்தார்.

1938இல் ரோமில் செர்லெத்தியும் பினியும் மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கிச் சிகிச்சை செய்தார்கள். ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து இல்லை. சிலருக்கு எலும்பும் முறிந்தது. அந்தத் தாயின் பயம் இங்கிருந்து வந்ததுதான். இன்று அது மயக்க மருந்துடன், கடுமையான மனச்சோர்வு போன்ற நோய்களுக்கே செய்யப்படுகிறது. சோதனைப் பயத்துக்கு அல்ல.

1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் அன்டனி பார்க்கர் குழுவினர் வேறு பாதையைத் திறந்தார்கள். தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, காந்தத் துடிப்பைச் செலுத்தினார்கள். வலியில்லாமல் கைவிரல் அசைந்தது. 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான். நாம் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததே. வெட்டு இல்லை, மயக்கம் இல்லை, நோயாளி விழித்தபடி கதிரையில் இருப்பார்.

பதகளிப்பு நோயில், மூளையின் அபாய மணி போன்ற பகுதி ஓயாமல் ஒலிக்கிறது. அதை அடக்க வேண்டிய முன்மூளை தளர்ந்திருக்கிறது. அந்த முன்மூளையைச் சீராக்குவதே இச்சிகிச்சையின் நோக்கம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் வஸ்வாஸ் போன்று திரும்பத் திரும்ப வரும் எண்ணச்சுழற்சி நோய்க்கும், 2021இல் மனச்சோர்வோடு சேர்ந்துவரும் பதகளிப்புக்கும் இதற்கு அனுமதி வழங்கியது. தனியான பதகளிப்புக்கு ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. அதற்கு உளவளத்துணையும், தேவைப்பட்டால் மருந்தும்தான் முதற்படி. ஆகவே ஒன்லைனில் விற்கும் கருவிகளை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே அபூ ஸைத் அல்பல்கீ, உடலைப் போல உள்ளமும் நோயுறும் என்று எழுதி, அச்சத்துக்கும் வஸ்வாஸுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் வைத்தார். நாமோ இன்னும் "ஊர் என்ன சொல்லும்" என்று பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறோம்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். கரண்ட் வைக்கமாட்டார்கள், முதலில் பிள்ளையிடம் பேசுவார்கள் என்றேன். நாளை மகளைக் கூட்டிப் போகிறார். துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தாமதிக்காதீர்கள்.