வீட்டுத் தோட்டச் சருகுகளை எரிக்கலாமா? மைசூருவில் விதிகள் சொல்வதும் தீ தரும் ஆபத்தும்

மைசூரு: தை பிறந்து பனி குறையத் தொடங்கியதும் மைசூருவின் சாலையோர மரங்கள் இலைகளை உதிர்க்கத் தொடங்குகின்றன. யாதவகிரி, சரஸ்வதிபுரம், ஜெயலட்சுமிபுரம், குவெம்பு நகர் என மரங்கள் அடர்ந்த குடியிருப்புகளில் வாசலில் பெருக்கிக் குவித்த சருகுக்குத் தீ வைப்பது பல வீடுகளில் பழகிப்போன செயல். 'என் வீட்டுச் சுவருக்குள் என் வீட்டுச் சருகை எரிக்கிறேன், இதில் என்ன தவறு?' என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

தவறுதான் என்பதே சட்டத்தின் விடை. தோட்டக் கழிவை எரிக்க அனுமதிச் சீட்டு பெறும் வழக்கம் வெளிநாடுகள் சிலவற்றில் உண்டு. இந்திய நகரங்களில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நேரடியான தடையே இருக்கிறது. நாட்டின் தூய்மையான நகரங்களின் பட்டியலில் 2015-ஆம் ஆண்டிலும், 73 நகரங்கள் மதிப்பிடப்பட்ட 2016-ஆம் ஆண்டிலும் முதலிடம் பெற்ற மைசூருவுக்கும் இது பொருந்தும்.

விதி சொல்வது என்ன?

இந்தத் தடைக்கு அடித்தளமிட்டவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 ஏப்ரலில் அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஆகும். கழிவை உருவாக்கும் எவரும் அதைத் தெருவிலோ, தமது வளாகத்துக்கு வெளியே உள்ள பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று அவற்றின் 4-ஆவது விதி கூறியது.

'வளாகத்துக்கு வெளியே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எரிக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அதே விதியின் முற்பகுதியில், தோட்டக் கழிவைத் தனியாகப் பிரித்துத் தமது வளாகத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும், உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் அகற்ற வேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டிருந்தது. எந்த உள்ளாட்சி அமைப்பும் 'எரித்துவிடுங்கள்' என்று சொல்ல முடியாது. சாலையில் பெருக்கிய இலைகளை எரிக்கக் கூடாதென்று தூய்மைப் பணியாளர்களுக்கு உத்தரவிட வேண்டிய பொறுப்பையும் அதே விதிகள் உள்ளாட்சி அமைப்பின் மீதே சுமத்தின. கன்னடத்தில் பௌரகார்மிகர் எனப்படும் அந்தப் பணியாளர்கள் எங்கேனும் சருகுக்குத் தீ வைப்பதைக் கண்டால், அது குடியிருப்பாளருக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. அங்கே மீறல் ஒன்றுக்கு இரண்டாகிறது, அவ்வளவே.

எஞ்சியிருந்த ஐயத்தையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்த்து வைத்தது. பெங்களூருவைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பின்னர் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. அதில் 2016 டிசம்பர் 22 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, குப்பைக் கிடங்குகள் உட்பட நிலத்தில் திறந்தவெளியில் கழிவை எரிப்பதை நாடு முழுவதும் முற்றாகத் தடை செய்தது. சாதாரண எரிப்புக்கு ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 சுற்றுச்சூழல் இழப்பீடாக வசூலிக்கப்படும். செலுத்தாவிட்டால் நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கலாம். எரித்த தனிமனிதர் மட்டுமின்றி, பொறுப்பான உள்ளாட்சி அமைப்பும் இதில் தப்ப முடியாது.

தீ பரவி ஆபத்து நேர்ந்தால் குற்றவியல் சட்டமும் நுழைகிறது. மனித உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சுவருக்குள் மூட்டிய தீ என்பது இங்கே தற்காப்பு வாதமாகாது.

அனுமதி முறை உள்ள நாடுகளிலும் உதிர்ந்த இலைக்குச் சலுகை குறைவு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 20,000-க்கும் குறைவான மக்கள் வாழும் சிற்றூர்களில் வெட்டிய மரக்கிளைகளை எரிக்கலாம். ஆனால் காட்டுத்தீ அபாயம் மிகுந்த மார்ச் 16 முதல் மே 14 வரை அதற்கும் தடை. இலைக் குவியலை எரிக்க ஆண்டு முழுவதும் அனுமதி இல்லை. மலேசியாவில் திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சருகுப் புகை ஏன் வேறு?

நன்றாக உலர்ந்த விறகு கொழுந்துவிட்டு எரியும். சருகுக் குவியல் அப்படி எரிவதில்லை. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் உள்ளே காற்று புகாது. ஆகவே அது புகைந்துகொண்டே கிடக்கும். இத்தகைய அரைகுறை எரிதலில்தான் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சோபைரீன் போன்ற சேர்மங்களும், பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களும் மிகுதியாக வெளியேறுகின்றன. நுண்துகள் அளவு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவு 15 மட்டுமே.

பலர் எரிப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் நேரமும் தவறானது. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்திருக்கும். புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கும். நடைப்பயிற்சி செல்லும் முதியவரும் பள்ளி வாகனத்துக்குக் காத்திருக்கும் குழந்தையும் அதைச் சுவாசிக்கின்றனர். இதன் பெரிய வடிவத்தைச் சென்னை கண்டிருக்கிறது: 2018 ஜனவரி 13, போகி நாளன்று புகையும் பனியும் கலந்து விமான நிலையத்தை மூடியதில் விமானச் சேவைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன.

குவியலில் நெகிழிப் பை, பால் உறை, பழைய குழாய்த் துண்டு கலந்திருந்தால் தீங்கு பன்மடங்காகும். பி.வி.சி. எரியும்போது டையாக்சின் உருவாகிறது. அரளியின் கிளையும் இலையும் எரிந்தால் வரும் புகையும் நஞ்சே. வேலியோரம் அரளி வளர்ப்போர் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

நீறு பூத்த நெருப்பு

கொழுந்துவிட்டு எரியும் தீயை எல்லோரும் காண்கிறார்கள், விலகி நிற்கிறார்கள். அணைந்துவிட்டதாகத் தோன்றும் குவியல்தான் அதிகம் ஏமாற்றுகிறது. சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் வரையிலும் கனன்று கொண்டிருக்கும். காற்று வீசினால் மீண்டும் பற்றும். யாரேனும் மிதித்தால் சுடும்.

புதைந்து கனலும் தீ எவ்வளவு கொடியது என்பதை மைசூரு அறியும். நகரை ஒட்டிய ஷ்யாதனஹள்ளியில் 2017 ஏப்ரலில், வெளிப்பார்வைக்குச் சாதாரண மண்ணாகத் தெரிந்த நிலத்தில் கால் வைத்த 14 வயதுச் சிறுவன் கடும் தீக்காயமடைந்து உயிரிழந்தான். அங்கே கொட்டப்பட்டிருந்த தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் கனன்று கொண்டிருந்தது. அது வீட்டுச் சருகு அல்ல; அளவிலும் தன்மையிலும் வேறானது. ஆயினும் மேலே சாம்பல், கீழே தணல் என்ற இயல்பு இரண்டுக்கும் பொதுவானது. வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகள் உள்ள தெருவில் இதை அலட்சியமாகக் கருத முடியாது.

காலி மனைகளில் வைக்கப்படும் தீ இன்னொரு தனிச் சிக்கல். பார்த்தீனியமும் புல்லும் காய்ந்து நிற்கும் மனையைத் 'துப்புரவு' செய்யத் தீ வைப்பவர், அது அடுத்த மனையின் எல்லையில் நிற்கும் என்று நம்புகிறார். மாசி, பங்குனிக் காற்றில் அது நிற்பதில்லை. சாமுண்டி மலை அடிவாரக் குடியிருப்புகளில் இந்த ஆபத்து மேலும் கூடுதல். மலை காப்புக்காடாகும், கோடைதோறும் அங்கே தீப்பிடிக்கும் அச்சம் உள்ளது. பந்திப்பூரில் 2019 பிப்ரவரியில் பரவிய தீ ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை அழித்தது. காலி மனையின் களையை வெட்டி அகற்றுவதே உரிமையாளரின் கடமை. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும்.

தீயைக் கண்டால்

சிறு குவியல் என்றால் தண்ணீர் ஊற்றி, நீண்ட கழியாலோ மண்வெட்டியாலோ கிளறி, மீண்டும் ஊற்ற வேண்டும். மேலே மட்டும் தெளித்தால் போதாது. புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நீட்டிப் பார்க்கும்போது வெப்பம் தெரியும்வரை அது அணையவில்லை என்றே கொள்ள வேண்டும். மின்கம்பி, மின்மாற்றி, நிறுத்தப்பட்ட வாகனம் ஆகியவற்றின் அருகே தீ இருந்தால் தாமே அணைக்க முயலாமல் விலகி நின்று 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழைப்பதே சரி. ஈரச் சருகு பற்றவில்லை என்று பெட்ரோல் ஊற்றுவது தற்கொலைக்கு ஒப்பானது. பெட்ரோலின் ஆவி ஊற்றியவரின் காலடி வரை படர்ந்த பிறகே தீக்குச்சி உரசப்படுகிறது.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் குளிரச் செய்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பற்பசை, மை, நெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108.

சருகை என்ன செய்வது?

எரிப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. குவிந்த சருகில் பாம்பும் தேளும் தங்கும். கொசுவை விரட்டப் புகை உதவுகிறது என்ற நம்பிக்கை உண்டு. எடுத்துச் செல்ல வண்டி வருவதில்லை. பாம்பு அச்சத்துக்கு விடை, குவியலைச் சுவரோரமும் வாசலருகும் விடாமல் வெயில் படும் மூலையில் கம்பிவலைக் கூண்டுக்குள் வைப்பதாகும். கொசுவுக்குத் தேங்கிய நீரை அகற்றுவதே மருந்து.

மூன்றடி விட்டமுள்ள கம்பிவலைக் கூண்டு ஒரு நடுத்தர வீட்டுக்குப் போதும். ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, அதன்மேல் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர், கொஞ்சம் சமையலறைக் காய்கறித் தோல், மீண்டும் சருகு என அடுக்கலாம். பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் இலைமட்கு கிடைக்கும். மா இலையும் தேக்கிலையும் தாமதமாகவே மக்கும். நொறுக்கிப் போட்டால் விரையும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பிவிடலாம். கோடையில் நீர்ப்பாய்ச்சலைப் பாதியாகக் குறைக்காவிட்டாலும், மண் விரைவில் காய்வதை அது நிச்சயம் தடுக்கும்.

தென்னை மட்டை, கவாத்து செய்த கிளைகள் ஆகியவை வீட்டில் மக்குவதில்லை. அவற்றைச் சிறிதாக வெட்டிக் கட்டி, அன்றாடக் குப்பையுடன் கலக்காமல் மாநகராட்சி ஊழியர்களிடம் ஒப்படைக்க வேண்டும். உண்மையில் தடை உயிர்பெறுவதும் தோற்பதும் இந்த இடத்தில்தான்: இலையுதிர் காலத்தில் சருகு மூட்டைகள் பத்து நாள் தெருவிலேயே கிடந்தால், பதினோராம் நாள் யாரோ ஒருவர் தீ வைப்பார். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அடைப்புக் குடியிருப்புகள் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. சிறிய குடியிருப்புகளுக்கு மாநகராட்சி வண்டியே கதி. வண்டி வராத வார்டுகளில் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகையும் பெற்றுக்கொள்வது நல்லது.