பக்கத்துக்கு இவ்வளவு: நீதிமன்றப் பேச்சும் அதை விலைக்கு வாங்கியவர்களும்

1

நீதிமன்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சட்டத்தைக் கொண்டாடுகிறவர்களும் சரி, அதை ஆளும் வர்க்கத்தின் கருவி என்று அம்பலப்படுத்துகிறவர்களும் சரி, இந்த விஷயத்தில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தீர்ப்பு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிற பழக்கம் இருதரப்புக்குமே இல்லை. அது ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. சாட்சி சொன்னதாக யாரோ எழுதிவைத்ததைப் படிக்கிறார். அந்தக் கட்டில் இல்லாத சொல் சொல்லப்படாத சொல். சாட்சி தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அதுதான் நிலைமை.

அந்த 'யாரோ' யார்? அவருக்குக் கூலி கொடுப்பது யார்? கூலி எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது? அமெரிக்காவின் கவுண்ட்டி நிர்வாகமோ நகராட்சியோ நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இந்த மூன்று கேள்விகளுக்கும் பட்டவர்த்தனமாகப் பதில் கிடைத்துவிடுகிறது. ரோடு போடுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் டெண்டர் விடுகிற அதே நிர்வாகம், பேச்சை எழுத்தாக்குவதற்கும் டெண்டர் விடுகிறது. பக்கத்துக்கு என்ன விலை, எத்தனை நாளில் தருவீர்கள், அவசரமென்றால் கூடுதலாக எவ்வளவு, நகலுக்கு எவ்வளவு, எழுத்தர் வந்து உட்கார்ந்தபின் வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் வருகைக் கட்டணம் உண்டா? கேள்விகள் இப்படிப் போகும். இதில் சதி எதுவும் இல்லை. சதி இல்லாமலேயே அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

2

இந்தக் கொடுக்கல் வாங்கலின் பழைய வடிவம் லண்டனில் இருக்கிறது. ஓல்ட் பெய்லி நீதிமன்ற விசாரணைகள் 1674 முதல் 1913 வரை அச்சில் வந்தன. கிட்டத்தட்ட 240 ஆண்டுகள். 2003இலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கும் இத்தொகுப்பில் 1,97,745 வழக்குகள் உள்ளன. திருடர்கள், வேலைக்காரிகள், அடகுக்கடைக்காரர்கள், குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தாய்மார்கள் என்று வரலாற்றில் பேச வாய்ப்பே இல்லாத ஜனங்கள் இதில் பேசுகிறார்கள். 'கீழிருந்து வரலாறு' எழுத வந்தவர்கள் இதைப் புதையலாகக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் புதையலுக்குக் காவல் உண்டு. ஆரம்பத்தில் இவை மலிவு விலைத் துண்டுப் பிரசுரங்கள். கொலையும் கொள்ளையும் படிக்கிற சுவாரஸ்யத்துக்காக விற்றவை. 1679இல் லண்டன் நகராட்சி தலையிட்டது. மேயரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றது. 1778இல் விசாரணைகள் அனைத்தையும் உண்மையாகவும் முழுமையாகவும் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. முழுமை வந்ததும் தடிமன் கூடியது, விலை கூடியது, வாசகர்கள் செய்தித்தாள் பக்கம் போய்விட்டார்கள். 1787இல் பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகாமல் போகவே நகராட்சியே பணம் கொடுத்து நடத்த வேண்டி வந்தது. ஒரு காலத்தில் அனுமதி கொடுக்கிற இடத்தில் மட்டும் இருந்த நகரம், இப்போது சரக்கை வாங்குகிற இடத்துக்கு வந்துவிட்டது.

வாங்குகிறவர் சும்மா இருப்பாரா? 1790இல் நகராட்சி ஓர் ஆணை போட்டது: விடுதலையில் முடிந்த வழக்குகளின் விசாரணை விவரங்களை அச்சிடக் கூடாது. எப்படி வாதாடினால் தப்பிக்கலாம் என்று குற்றவாளிகளுக்குப் பாடம் நடத்துவதாகிவிடும் என்ற பயம். 1792 இறுதிவாக்கில்தான் இந்தத் தடை நீங்கியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் அந்த இரண்டு ஆண்டுகளில் லண்டன் நீதிமன்றத்தின் அச்சுப் பிரதியைப் படிக்கிறவனுக்கு, அகப்பட்டவன் எல்லாம் குற்றவாளி என்ற சித்திரம்தான் கிடைத்திருக்கும். யாரும் ஒரு வரியைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. உண்மையில் பாதியை வாங்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

தடை இல்லாத ஆண்டுகளிலும் கத்தரிக்கோல் இருந்தது. வழக்கறிஞர்களின் வாதங்களில் பெரும்பகுதியும், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பில் கணிசமான பகுதியும் அச்சுக்கு வரவில்லை என்பதை ஜான் லாங்பெய்ன், ராபர்ட் ஷூமேக்கர் போன்ற ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். மரண தண்டனை பெற்றவருக்கு மன்னிப்பு வழங்கலாமா என்ற பரிசீலனையிலும் இந்தப் பதிவு பயன்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எது அச்சில் வரும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பது விளங்கும்.

3

ஓல்ட் பெய்லியின் புகழ்பெற்ற சுருக்கெழுத்தர் தாமஸ் கர்னி. அவர் வகுத்த முறை அவர் குடும்பத்துக்கே தலைமுறைச் சொத்தாக இருந்தது. பேரன் காலத்தில் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வச் சுருக்கெழுத்துப் பணியும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788 முதல் 1795 வரை நடந்த குற்ற விசாரணையின் உரைகளும் கர்னி குடும்பத்தாரின் குறிப்புகளிலிருந்துதான் நமக்குக் கிடைக்கின்றன. இளம் நிருபராக இருந்தபோது டிக்கன்ஸ் மல்லுக்கட்டிக் கற்றதும் கர்னி முறையைத்தான்.

கர்னி ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வந்தது. எலிசபெத் கேனிங் என்ற வேலைக்காரப் பெண், 1753இல் தன்னைக் கடத்தி அடைத்துவைத்ததாகக் கொடுத்த புகாரில் மேரி ஸ்கொயர்ஸ் என்ற வயதான ஜிப்ஸிப் பெண்ணுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. பிறகு சாட்சியம் பொய் என்று சந்தேகம் எழுந்து, ஸ்கொயர்ஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1754இல் கேனிங்மீதே பொய்ச்சாட்சி வழக்கு. முதல் விசாரணையில் அவள் என்ன சொன்னாள் என்பதை நிரூபிக்க கர்னியை அழைத்தார்கள். சாட்சி சொல்லுகிற புரியாத வார்த்தை ஒவ்வொன்றையும் நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்க முடியாது என்ற பொருளில் கர்னி அங்கே பதில் சொன்னார்.

நேர்மையான பதில்தான். ஆனால் 'புரியாத' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருக்குப் புரியாதது? நீதிபதியின் பேச்சும் வக்கீலின் பேச்சும் எழுத்தருக்குப் புரியாமல் போவது அபூர்வம். புரியாமல் போவது கூண்டில் நிற்கிறவரின் பேச்சு. மொழிக்குள் இருக்கிற மேல்கீழ், எழுத்தரின் காதுக்குள்ளும் இருக்கிறது.

4

அமெரிக்காவில் இந்தத் தொழில் இயந்திரமயமாயிற்று. பல விசைகளை ஒரேசமயத்தில் அழுத்தி அசையசையாகப் பதிகிற ஸ்டெனோடைப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1944இல் கூட்டரசு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர் பதவியைச் சட்டமே உருவாக்கியது. சம்பளம் உண்டு, அதோடு எழுத்துப்படி கேட்பவரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். பக்கம் என்பது பணம் ஆகிவிட்டதால், ஒரு பக்கத்தில் 25 வரி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விதியாக எழுத வேண்டியிருந்தது.

பக்கத்துக்கு விலை என்றால் பக்கம் வாங்கக் காசில்லாதவன் என்ன செய்வான்? இல்லினாய் மாநிலத்தில் முழுமையான மேல்முறையீட்டுக்கு விசாரணைப் பதிவு வேண்டும். மரண தண்டனை பெற்ற ஏழைக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். சிறைத் தண்டனை பெற்ற ஏழை விலைக்கு வாங்க வேண்டும். 1956இல் கிரிஃபின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில். 1971இல் மேயர் வழக்கு வந்தது. சிகாகோ நகரச் சட்டங்களை மீறியதாக ஒருவருக்கு 500 டாலர் அபராதம். சிறை இல்லை, வெறும் அபராதம். அவருக்கும் மேல்முறையீட்டுக்குப் போதுமான பதிவைக் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டுவது நகராட்சி, அபராதம் வாங்குவது நகராட்சி. அந்த விசாரணையில் என்ன பேசப்பட்டது என்பதற்கான காகிதம் மட்டும் எதிராளி காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதுதான் அதுவரை இருந்த நியாயம்.

மிஸிஸிப்பியில் ஒரு தாயின் கதை இன்னும் கொடூரமானது. தன் இரண்டு குழந்தைகள்மீதான தாயுரிமையை நீதிமன்றம் ரத்து செய்ததை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்ய விரும்பினார். பதிவு 950 பக்கம், பக்கத்துக்கு 2 டாலர். மற்ற செலவுகளும் சேர்ந்து 2,352 டாலர் 36 சென்ட். அவரிடம் அந்தப் பணம் இல்லை. மாநிலம் முடியாது என்று கைவிரித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு பெண் தாயாக இருக்கலாமா என்ற கேள்வி, பைண்டிங் செலவுவரை கணக்குப் போட்ட ஒரு பில்லில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

இதெல்லாம் முடிந்த கதையும் அல்ல. பட்ஜெட் வெட்டு என்ற பெயரில் கலிஃபோர்னியாவின் சான் டியகோ நீதிமன்றம் பெரும்பாலான உரிமையியல் வழக்குகளுக்குச் சுருக்கெழுத்தர் கொடுப்பதை நிறுத்தியது. வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. கட்டணம் கட்ட முடியாத ஏழைக்கு இது பொருந்தாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2018இல்தான் சொன்னது.

5

சரி, காசு கிடைத்துவிட்டது, எழுத்தரும் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதைக் கேட்கிறார்?

2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றும் 27 நீதிமன்றச் சுருக்கெழுத்தர்களுக்குக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கு வாக்கியங்களை ஒலிக்கவிட்டு எழுதச் சொன்னது. 95 விழுக்காடு துல்லியம் என்று சான்றிதழ் பெற்றவர்கள் இவர்கள். வாக்கிய அளவில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் சரியாக வந்தது. 31 விழுக்காட்டில் யார், என்ன, எப்போது, எங்கே என்பதே மாறிப்போயிருந்தது. 'அவன் அந்தப் பக்கம் இருக்கிறதே இல்லை' என்ற பொருள்படும் வாக்கியம் 'நாங்க இந்தப் பக்கம் இருக்கப் போறோம்' என்று பதிவாகியிருந்தது. கொலை வழக்கில் இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையே ஒரு மனிதனின் ஆயுள் கிடக்கிறது.

காவல் விசாரணைப் பதிவு ஒன்றையும் இங்கே நினைக்கலாம். லூசியானாவில் விசாரணைக்கு உட்பட்ட கறுப்பின இளைஞர் ஒருவர் தனக்கு வக்கீல் வைத்துத் தரச் சொல்லி, கூடவே 'டாக்' என்றார். நம் ஊரில் 'மச்சான்', 'மாமு' என்பதுபோலக் கூப்பிடுகிற சொல். எழுத்தில் அது 'வக்கீல் நாய்' என்று நின்றது, நடுவில் ஒரு கமாகூட இல்லாமல். அவர் வக்கீல் கேட்டது தெளிவாக இல்லை என்பதற்கு 2017இல் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இதையே காட்டினார். 'வக்கீல் வையுங்க மாமா' என்றவன் தன் மாமாவையே வக்கீலாகக் கேட்டான் என்று சொல்வதைப் போல.

சுருக்கெழுத்தர்களைத் திட்டுவதில் பிரயோசனமில்லை. அவர்கள் உழைப்பாளிகள், நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் விரல் ஓட்டுகிறவர்கள். அவர்களைப் பயிற்றுவிக்கிற இடத்தில் துல்லியம் என்பது 'தர' ஆங்கிலத்தை வைத்து அளக்கப்படுகிறது. வேகத்துக்கும் விலைக்கும் நாள் கணக்குக்கும் கட்டம் போட்டிருக்கிற டெண்டரில், இந்த ஊர் ஜனங்களின் பேச்சு உங்களுக்குப் புரியுமா என்பதற்கும் ஒரு கட்டம் போட வைப்பதுதான் அரசியல்.

6

நம் பக்கம் வந்தால் காட்சி வேறு. இங்கே டெண்டர் இல்லை. பதிவு நீதிபதியின் வாய்வழியாகப் பிறக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்றச் சாட்சியத்தை வழக்கமாகக் கதைகூறல் வடிவத்தில் எழுதலாம் என்றது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் இந்த முறை தொடர்கிறது. அதாவது கேள்வி மறைந்துவிடும்; கேள்விக்குச் சொன்ன பதில், சாட்சி தானாகச் சொன்ன வாக்கியமாக நிற்கும். 'இல்லீங்க, அப்படியெல்லாம் கெடையாது' என்று சாட்சி சொன்னது, 'என்று சொன்னால் சரியல்ல' என்று ஏறும். தமிழகத்தின் எந்த ஊரிலும் எவரும் பேசாத, ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் பேசியதாகப் பதிவாகியிருக்கும் தமிழ் இது. சாதி வன்கொடுமை வழக்கில் சொல்லப்பட்ட வசைச்சொல் எந்தத் தொனியில் வந்தது என்பது இந்தத் தமிழுக்குள் எப்படித் தங்கும்?

1849ஆம் ஆண்டு வங்காளத்தில் இறந்த ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றிய வாக்குமூலத் துண்டை வைத்து ரணஜித் குஹா 1987இல் எழுதிய 'சந்திராவின் மரணம்' கட்டுரை, ஒரு குடும்பத்தின் துயரம் சட்டத்தின் மொழியில் ஏறியதும் எப்படி வெறும் குற்றமாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டியது. குஹா அந்தத் துண்டைத் தாண்டிப் படித்தார். எல்லாருக்கும் ஒரு குஹா கிடைப்பதில்லை. பெரும்பாலான சாட்சிகளுக்குக் கிடைப்பது மேல்முறையீட்டு நீதிபதி மட்டுமே. அவர் துண்டைத் தாண்டிப் போக மாட்டார்.

ஆகவே தீர்ப்பு வந்தபின் ஊர்வலம் போகிற நம் இயக்கங்கள், சாட்சியம் எழுதப்படுகிற நாளிலேயே நீதிமன்றத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. சொன்னது சொன்னபடி ஏறியதா, கேள்வியும் சேர்ந்து ஏறியதா, படித்துக் காட்டினார்களா, நகல் கிடைத்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இவை குமாஸ்தா வேலை போலத் தோன்றலாம். லண்டன் நகராட்சி 1790இல் செய்ததும் ஒரு குமாஸ்தா வேலைதான்.