ராத்தங்கலின் வரலாறு

பக்கத்து நகரத்துக்குப் போய் அன்றே திரும்புவதா, ஓர் இரவு தங்கி மறுநாள் வருவதா என்ற முடிவு தமிழகத்தில் நெடுங்காலம் பயணியின் கையில் இருக்கவில்லை. முதலில் சூரியனும் மாடுகளும் அதைத் தீர்மானித்தன. பிறகு அந்த இடத்துக்கு ரயிலின் கால அட்டவணையும் கடைசிப் பேருந்தும் வந்தன. இருட்டிவிட்டால் வந்தவருக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்திலும் கூடவே இருந்தது. தங்குபவர் யார், ஓட்டமாக ஓடித் திரும்புபவர் யார் என்பதில் தூரத்தைவிட அதற்கே பங்கு அதிகம்.

கால்நடையாகப் போனவர்களின் கணக்கு எளிது. வெளிச்சம் இருப்பது சுமார் 12 மணி நேரம். ஊரில் வேலை முடிக்க மூன்று மணி நேரம் போனால், போகவர நடப்பதற்கு ஒன்பது மணி நேரம் மிஞ்சும். மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்குத்தான் ஒரே நாளில் போய்வர முடியும். தலைச்சுமை இருந்தால் அந்தத் தூரம் இன்னும் சுருங்கும். வாரச் சந்தைகள் இந்த எல்லைக்குள் அடங்கியே வளர்ந்தன. சுற்றுவட்டாரத்து ஊர்களில் கிழமைக்கு ஒன்றாகச் சந்தை கூடியதால், வாங்குபவர் தம் ஊருக்கு அருகில் கூடும் சந்தைக்குப் போய்ப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினார். வியாபாரிகள்தான் சந்தை சந்தையாகச் சுற்றி வழியிலேயே இரவுகளைக் கழித்தார்கள்.

மாட்டு வண்டி சுமையைக் குறைத்ததே தவிர நேரத்தைக் குறைக்கவில்லை. பாரவண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகாது. நாளொன்றுக்கு 25, 30 கிலோமீட்டர் போனாலே பெரிது. வெயிலில் மாடுகள் களைத்துவிடும் என்பதால் கோடையில் வண்டிகள் இரவில்தான் புறப்பட்டன. வண்டிக்கு அடியில் ராந்தல் ஆட, ஒன்றன்பின் ஒன்றாகச் சாரிசாரியாகப் போகும். முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் மற்றவர்கள் கண்ணயரலாம். மாடுகளுக்கு வழி தெரியும். அதனால் வண்டிப் பயணத்தில் இரவு சாலையிலும் ஓய்வு பகலிலும் கழிந்தது. நகர எல்லையில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டுக் காத்திருக்கும் இடங்களே வண்டிப்பேட்டைகள். பல ஊர்களில் அந்தப் பெயர் தெருப்பெயராக இன்றும் நிற்கிறது.

நடந்து போகிறவருக்கு அப்படி ஒரு வண்டி கிடையாது; படுக்க அவருக்குக் கூரை வேண்டும். திண்ணைகளும் மண்டபங்களும் சாவடிகளும் அதற்குப் பயன்பட்டன என்றாலும், திட்டமிட்டு அதைச் செய்தவை சத்திரங்கள்தாம். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததற்காகவே மக்கள் நினைவில் நிலைத்தவர். தஞ்சை மராட்டிய மன்னர்கள் அந்த அறத்தை இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களின் வழியை ஒட்டி அவர்கள் எழுப்பிய சத்திரங்கள் பலவும் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக முக்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார்.

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்குச் சரபோஜியே சாட்சி சொல்லியிருக்கிறார். 1799 உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் இழந்த அவர், சத்திரங்களாவது தம் கையைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 1801இல் கும்பினியின் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுக்கப்படும். நள்ளிரவில் மணியடித்து, பசியோடு யாரும் இருந்தால் வரும்படி கூவி அழைப்பார்கள். நடக்க முடியாதவர் தேறும்வரை தங்கலாம், வைத்தியர் இருப்பார். கைக்குழந்தைக்குப் பால் உண்டு. வழியில் வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே பிரசவமும் பார்க்கப்படும். இறந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு நடக்கும். இவையெல்லாம் அந்தக் கடிதம் தரும் விவரங்கள். காரியத்தைக் காப்பாற்ற எழுதப்பட்ட கடிதம் ஆகையால் குறைகளை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் வழிப்போக்கருக்கு ஓர் அரசு எதையெல்லாம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்பதற்கு இவ்வளவு விரிவான பட்டியலை அந்தக் காலத்து ஆவணங்களில் காண்பது அரிது. அந்தப் பட்டியலுக்காகவே சரபோஜியைப் பாராட்ட வேண்டும்.

கும்பினி அரசு 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில், சத்திர மானியங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. சோறு போடும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. தஞ்சைச் சத்திரங்களில் சில பின்னாளில் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் மாறின. சில இடிந்து நிற்கின்றன.

எல்லாச் சத்திரமும் சரபோஜியின் கடிதம் போல எல்லாரையும் வரவேற்கவும் இல்லை. பிராமணருக்கென்றும் குறிப்பிட்ட சமூகத்தாருக்கென்றும் ஏற்பட்டவை ஏராளம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நகரத்தில் சொந்தக்காரர் சேரி ஒன்று இருந்தாலொழிய இரவில் போக்கிடம் இல்லை. கோர்ட்டு வாய்தாவுக்கோ கலெக்டர் கச்சேரிக்கோ வந்த அவர்கள், எவ்வளவு தூரமானாலும் திரும்பி நடந்தார்கள். இல்லையென்றால் மரத்தடியில் கிடந்தார்கள். ஒரே நாள் பயணம் அவர்கள் மேல் சுமத்தப்பட்டதாகவே இருந்தது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. வண்டியில் மூன்று, நான்கு நாள் பிடித்த வழி சில மணி நேரமாகச் சுருங்கிற்று. 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. ஆனால் புறப்படும் நேரத்தைச் சூரியனைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது. இந்திய ரயில்கள் அப்போது சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைப் பின்பற்றின. நாடு முழுமைக்கும் பொதுவான நேரம் 1906 தொடக்கத்தில்தான் வந்தது. நாளுக்கு ஒன்றோ இரண்டோ வண்டி மட்டுமே நின்ற ஊர்களில், காரியம் அரைமணியில் முடிந்தாலும் அடுத்த வண்டிக்காக விடியும்வரை காத்திருக்க நேர்ந்தது. பயணம் விரைவானதும் தங்கும் தேவை ஒழிந்துவிடவில்லை. அது சாலையோரத்தை விட்டு ரயிலடிக்கு இடம் மாறியது.

அதனால்தான் புதிய சத்திரங்கள் ரயில் நிலையங்களை நாடி எழுந்தன. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 1880களில் கட்டிய சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. மதுரையில் நடந்தது இதற்கு நேர்மாறு: மங்கம்மாள் சத்திரம் முன்பே அங்கே இருக்க, பல தலைமுறை கழித்து ரயில் நிலையம் அதற்கு எதிரே வந்து சேர்ந்தது. அதிகாரிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. தாலுகா ஊர்கள்தோறும் டிராவலர்ஸ் பங்களா இருந்தது.

காசு கொடுத்துத் தங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றிற்று. சாப்பாட்டுக் கிளப்புகளின் மாடியில் அறைகள் வந்தன. லாட்ஜ் என்ற சொல் ஊருக்கு ஊர் பலகை ஏறியது. உடுப்பியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ், சைவச் சாப்பாடும் சுத்தமான அறையும் ஒரே இடத்தில் கிடைக்க வழிசெய்தது. வீட்டுப் பழக்கத்தை விடாத நடுத்தரக் குடும்பங்கள் நகரத்தில் அச்சமின்றித் தங்க அது துணிவு தந்தது. ஆனால் காசும் சாதியைத் தாண்ட உதவவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு, சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் நீக்கப்பட்டது. விடுதியிலும் தர்ம சத்திரத்திலும் தீண்டாமையின் பேரில் இடம் மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. தமிழகத்து ராத்தங்கல் வரலாற்றில் எந்த ரயில் பாதையைவிடவும் அந்தச் சட்டமே பெரிய திருப்பம்.

கிராமத்து வாசலுக்கு மாற்றத்தைக் கொண்டுவந்தது பேருந்து. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தொடங்கிய பேருந்துத் தொழில் தனியார் கைகளில் பரவியது. 1972 முதல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகிக் கடைக்கோடி ஊர்கள்வரை போயின. இரவில் கடைசி நடையாக ஊருக்குள் வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்து, விடியற்காலையில் முதல் நடையாக நகரத்துக்குப் புறப்படும் ‘நைட் ஹால்ட்’ பஸ், அன்றே திரும்பும் பயணத்தைச் சாத்தியமாக்கிய எளிய ஏற்பாடு. காய்கறி, பால், பூ விற்பவர்கள் முதல் பேருந்தில் போய்ப் பகலுக்குள் திரும்பினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் விடுதிச் செலவில்லாமல் படித்தார்கள். கடைசி பஸ் போய்விட்டதா என்பதுதான் நகரத்தில் இருப்பவரின் மாலைநேரக் கவலை ஆனது. தவறவிட்டவர் பேருந்து நிலையத்துச் சிமென்ட் திண்ணையில் படுத்தார்.

தொலைவான நகரங்களுக்கு வேறொரு வழி பிறந்தது. 1964 அக்டோபர் 1 அன்று சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. 362 கிலோமீட்டரைச் சுமார் ஐந்து மணி நேரத்தில் கடந்த அந்த வண்டி காலையில் போய் இரவுக்குள் சென்னை திரும்பிவிடும். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே 1969இல் வந்த பாண்டியன் எக்ஸ்பிரஸ், இரவையே பயணத்துக்குப் பயன்படுத்தியது. முதல் நாள் இரவு ஏறி, பகலெல்லாம் சென்னையில் வேலை முடித்து, அன்றிரவே மறுபடி ஏறினால் அறை வாடகையே இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு தலைமுறை இளைஞர்கள் இப்படித்தான் தலைநகரைப் பார்த்தார்கள். 2022 நவம்பரில் வந்தே பாரத் ரயில் சென்னை–பெங்களூரு நேரத்தைச் சுமார் நான்கரை மணியாக்கியது.

பெண்கள் தனியே போய் வெளியூரில் தங்குவது இத்தனைக்கும் பிறகும் எளிதாகவில்லை. ஆண் துணை இல்லாத பெண்ணுக்கு அறை தர லாட்ஜுகள் தயங்கின. தேர்வோ பணி நியமனமோ எதுவானாலும் துணைக்கு ஒருவர் போனார், அல்லது அன்றே திரும்பும்படி நேரம் பார்க்கப்பட்டது. தமிழக அரசின் தோழி விடுதிகள் மாத வாடகையோடு, குறுகிய நாள்களுக்கும் பெண்களுக்கு இடம் தருகின்றன.

நாள் குறித்துக்கொண்டு போக முடியாதவர்கள் மருத்துவமனைக்கு வருபவர்கள். உள்நோயாளிக்குக் கட்டில் உண்டு; கூட வந்தவருக்கு அது எந்தக் காலத்திலும் உறுதியாகக் கிடைத்ததில்லை. சரபோஜியின் சத்திரத்தில் நோயாளி தேறும்வரை தங்கலாம் என்றிருந்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய ஒன்றைச் சென்னை மாநகராட்சி இப்போது செய்கிறது: அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உடனிருப்போருக்கான இரவுக் காப்பகங்கள் இயங்குகின்றன.