காயத்தின் முகவரி: சோம்நாத் ஹோரின் வெண்கலமும் 1943ஆம் ஆண்டும்

புணேயின் கட்கியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,600க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். சில கிலோமீட்டர் தள்ளி ஆகா கான் மாளிகை. 1943 பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை காந்தி அங்கே சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது, மருத்துவர்கள் அவர் உடல்நிலை பற்றி நாள்தோறும் அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டு வங்காளத்தில் பட்டினியால் செத்தவர்களை எண்ண ஆளில்லை. 1945இல் பஞ்ச விசாரணை ஆணையம் 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை 30 லட்சத்தை ஒட்டி வைக்கின்றனர். இந்தப் பட்டினிச் சாவுகளும் போர்ச் சாவுகள்தாம் என்று ஒப்புக்கொண்டால்தான் சோம்நாத் ஹோரை (1921–2006) போர்க்காலச் சிற்பி என்று அழைக்க முடியும்.

ஒப்புக்கொள்ளப் போதிய காரணம் இருக்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று கடலோர வங்காளத்தின் படகுகளை அரசு பறித்தது. மீன் பிடிக்கவும் நெல் ஏற்றவும் ஊராருக்கு இருந்தவை அவை. அக்டோபர் புயல் மேதினிபூர்ப் பயிரைத் தின்றது. போர்ச் செலவு விலைவாசியை ஏற்ற, கூலிக்காரருக்கு அரிசி எட்டாக்கனியாயிற்று. சிட்டகாங்கில் பிறந்த ஹோர் ஓவியர் சித்தபிரசாத்தின் வழிகாட்டலில் பசித்தவர்களை நேரில் கண்டு வரைந்தார். அவ்வரைவுகள் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘ஜனயுத்தா’ இதழில் வெளிவந்தன. சித்தபிரசாத்தின் ‘பசித்த வங்காளம்’ நூலையோ அரசு பறிமுதல் செய்து அழித்தது. படம் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று கலை விமர்சகருக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருந்தது.

1970களில் ஹோரின் கை வேறு வேலைக்குப் போயிற்று. ‘காயங்கள்’ வரிசைக்காகக் களிமண், மெழுகுப் பரப்புகளைக் கத்தியால் கீறினார், சுட்ட கம்பியால் துளைத்தார். அதன்மீது சிமெண்ட் அச்செடுத்து, காகிதக் கூழை வார்த்தார். வெள்ளைமேல் வெள்ளை. நேர் வெளிச்சத்தில் அது வெற்றுத்தாள். பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் கீறலின் உதடு எழும்பித் தெரியும்.

வெண்கலத்துக்கு வந்தபோதும் அதே கைதான். சுவாமிமலை ஸ்தபதி மெழுகைப் பிடித்து உருவம் சமைப்பார். வார்த்தபின் அரத்தால் ராவி, உளியால் நகாசு செய்வார். மெழுகு இருந்த சுவடே தெரியாது. ஹோரோ மெழுகுத் தகட்டை மடித்துக் கிழித்துச் சூடு வைத்து ஒட்டுவார். கிழிசலும் தழும்பும் அப்படியே உலோகமாகிவிடும். விலாவெலும்பென்று தனியாக எதையும் அவர் செதுக்குவதில்லை. தகட்டில் விழுந்த வெட்டுதான் விலா. பசித்த உடலைப் பார்த்துச் செய்த உருவம் என்பதைவிட, உடலுக்கு நேர்ந்ததை மெழுகுக்கும் நேர்வித்த செயல் என்றே இதைச் சொல்வேன்.

இவ்வுருவங்களை ‘உலகப் பொதுவான துயரம்’ என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. காயம் வலியைச் சொல்லும். கத்தி பிடித்த கை யாருடையது என்று சொல்லாது. 1943இன் வரைவுகளைப் பிரித்துவிட்டு வெண்கலத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், படகைப் பறித்தவரும் அரிசியைப் பதுக்கியவரும் அந்தப் பொதுத்துயரத்துக்குள் நழுவித் தப்பிவிடுகிறார்கள். ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் பெற்றோர் சிலைகளோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1914இல் போரில் மாண்ட மகன் பீட்டரின் கல்லறை முன் 1932இல் நிறுவப்பட்டவை அவை. பெற்றோர் மண்டியிட ஒரு கல்லறை இருந்தது. நம் நடுகல்லும் பெரும்பாலும் பெயரையும் பட்ட காரணத்தையும் சொல்லும். ஹோர் வடித்த தாய்மார் மண்டியிட அப்படி ஓரிடமில்லை. கட்கியில் உள்ளது போன்ற கல் அவர்கள் பிள்ளைகளுக்கு யாரும் நட்டதில்லை. அந்தக் கல்லின் வேலையை 1943இன் வரைவுகளே செய்கின்றன.

ஹோரும் பொதுமையை நாடியவர் அல்லர் என்பதற்கு அவருடைய பெரிய சிற்பம் ஒன்றே சான்று. ‘தாயும் சேயும்’ என்ற அந்த வெண்கலத்தை வியட்நாம் மக்களின் போராட்டத்துக்கு அஞ்சலியாக, முகவரி எழுதியே செய்தார். 1977இல் அது சாந்திநிகேதன் கலா பவனிலிருந்து திருடுபோனது. திரும்பக் கிடைக்கவில்லை.