வடமராட்சிப் படையெடுப்பும் அதன் பயனும்

கல்விக்கும் கடலோட்டத்துக்கும் பெயர்பெற்ற நம் வடமராட்சி மண், 1987ஆம் ஆண்டு மே 26ஆந் திகதி போர்க்களமாயிற்று. ‘ஒப்பரேசன் லிபரேசன்’ என்னும் அப்படையெடுப்பில் தரை, கடல், ஆகாயம் என மும்முனைகளிலும் இராணுவம் தாக்கியது. சில நாட்களுள் வல்வெட்டித்துறையும் நெல்லியடியும் பருத்தித்துறையும் அதன் வசமாயின. தெய்வமே கதியென அல்வாய் ஆலயத்தில் ஒதுங்கியோரிலும் பலர் ஷெல் வீச்சுக்குப் பலியாயினர்.

களத்தில் வென்ற அரசு, கருதிய பயனை அடைந்ததா? ஜூன் 3ஆந் திகதி இந்தியா அனுப்பிய உணவுப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பிவிட்டது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளை வீசின. யாழ் நகரை நோக்கிய படையெடுப்பு நின்றது. ஜூலை 29இல் ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். அதன்வழி வந்த 13ஆந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மாகாண சபைகள் தோன்றின. ஆயினும் சமாதானம் வந்திலது. அக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 2009 வரை மண் குருதி கண்டது.

ஊரைக் கைப்பற்றுதல் வேறு. ஊரவரை உடன்படச் செய்தல் வேறு. இதுவே நாம் கற்கும் பாடம். அந்நாட்களைக் கண்ட முதியோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைத்தல் வாலிபராகிய நம் கடனாகும்.